எழுபத்திரண்டு ஜன்னல்கள்

உணவக மேசையில் ஓடில்பெக் தன் கைபேசியை ஆட்டு நல்லித் தட்டுக்கும் தேநீர்க் கெண்டிக்கும் நடுவே சாய்த்து வைத்து, தன் ஆட்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று பாருங்கள் என்று பெருமையோடு காணொளியை ஓட்டினார். அதில் ஒருவன் சம்மட்டியால் கான்கிரீட் தூணின் விளிம்பை உடைத்துக்கொண்டிருந்தான்.

பெய்யிங் முதலில் அது ஏதோ பழைய கட்டடத்தை இடிக்கிற காட்சி என்றுதான் நினைத்தாள். உடைத்தவன் நகர்ந்தான். இன்னொருவன் கிரைண்டரோடு வந்தான். தீப்பொறி பறக்க, தூணுக்குள்ளிருந்து எட்டிப்பார்த்த கம்பியை அறுத்து, அறுந்த முனையைக் காலால் மிதித்து உள்ளே மடக்கினான். அப்புறம் நான்கு பேர் சேர்ந்து ஒரு ஜன்னலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதன் மூலையில் வெள்ளைச் சீட்டு ஒட்டியிருந்தது. 5-03: ஐந்தாம் மாடி, மூன்றாவது ஜன்னல். அந்தச் சீட்டை அச்சடித்தது அவள்தான். சிரிக்கலாம் என்று தயாராக வைத்திருந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

பெய்யிங்குக்கு நாற்பத்தொரு வயது. சீனாவில் ஃபோஷான் நகரத்துத் தாலி என்கிற பேட்டையில், அக்காள் புருஷன் ஷாவ்காங் நடத்துகிற அலுமினிய ஜன்னல் பட்டறையில் பத்தொன்பது வருஷமாக இருக்கிறாள். அளவுப் பட்டியல் போடுவது, சீட்டு ஒட்டுவது, கம்பெனி முத்திரையைப் பூட்டிப் பாதுகாப்பது எல்லாம் அவள் பொறுப்பு. பட்டறையில் ஷாவ்காங்கை முதலாளி என்பாள், வீட்டில் அத்தான் என்பாள். ஒருகாலத்தில் ஊரெல்லாம் அடுக்குமாடி எழும்பியது. ஜன்னல் செய்து மாளவில்லை. பிறகு கட்டுகிறவர்கள் ஒவ்வொருவராகப் படுத்துவிட்டார்கள். பாதி இயந்திரங்கள் மேல் துணி போர்த்தியாகிவிட்டது. மிச்சமிருந்த ஐம்பத்தோரு பேர் காலையில் வந்து சுத்தமாக இருக்கிற தரையையே மறுபடி பெருக்கிவிட்டுப் போனார்கள்.

அப்போதுதான் அந்தத் தெருவுக்கே வெளிநாட்டு ஜுரம் பிடித்தது. பக்கத்துக் குழாய்க் கடைக்காரன் கானாவுக்கு அனுப்புகிறேன் என்றான். எதிர்த்த வரிசை தரையோட்டு வியாபாரி தான்சானியாவுக்குப் போய் வெயிலில் தோல் உரிந்து திரும்பி வந்து, அங்கே பார்த்த இடமெல்லாம் சாரம் கட்டியிருக்கிறார்கள் என்று அளந்தான். ஷாவ்காங்குக்கு வாய்த்தது தாஷ்கந்து. ஓடில்பெக் அங்கே வீடு கட்டி விற்கிறவர். குழாய், விளக்கு என்று வாங்க பதினைந்து வருஷமாகக் குவாங்சோவுக்கு வந்து போகிறவர். பேரம் பேசிப் பேசியே சீன மொழி கற்றுக்கொண்டவர். முதலில் வெள்ளோட்டமாக ஒரே ஒரு கட்டடத்துக்கு ஜன்னல் கேட்டார். ஒன்பது மாடி, மாடிக்குப் பன்னிரண்டு, ஆக நூற்றியெட்டு ஜன்னல். அது நன்றாக அமைந்தால் மேலும் பதினோரு கட்டடம் என்றார்.

அந்தப் பதினோரு கட்டடத்துக்கான ஒப்பந்தம்தான் இப்போது மேசைமேல் இருக்கிறது. இது கைகூடினால் இரண்டு வருஷத்துக்கு வேலை. கைகூடாவிட்டால் மாதக் கடைசியில் பட்டறைக் கதவை இறக்க வேண்டியதுதான். ஐம்பத்தோரு பேருக்கும் அது தெரியும். காலையில் பெய்யிங் முத்திரைப் பையோடு கிளம்பியபோது, கண்ணாடி வெட்டுகிற கிழவர்கூட வாசல்வரை வந்து நின்றுவிட்டுப் போனார்.

"மொத மூணு மாடி, விரலுக்கு மோதிரம் போட்ட மாதிரி உக்காந்துச்சு" என்றார் ஓடில்பெக், நல்லியை உறிஞ்சிக்கொண்டே. "அதுக்கு மேலதான் மல்லுக்கட்டு. நாலாவது மாடிக்கு ஜன்னலே வரல. சரி, அடுத்த பெட்டில வரும்னு அஞ்சாவதுக்குப் போனா, ஒண்ணு பெருசா இருக்கு, ஒண்ணு சிறுசா இருக்கு. கடைசில பாத்தா பத்தாவது மாடின்னு சீட்டு ஒட்டி பன்னெண்டு ஜன்னல் மிச்சம் கெடக்கு. என் கட்டடத்துல ஏது பத்தாவது மாடி? நாலுன்னு ஒட்ட வேண்டியத பத்துன்னு ஒட்டிட்டீங்கன்னு தூக்கி நாலுல போட்டோம்."

ஷாவ்காங் சிரித்து, சீட்டு மாறியதற்கு மன்னிப்புக் கேட்டு, அவர் கிண்ணத்தில் தேநீர் ஊற்றினார். ஓடில்பெக் விரல் நுனியால் மேசையைத் தட்டி நன்றி சொன்னார். இந்த ஊர்ப் பழக்கமெல்லாம் அவருக்கு அத்துப்படி.

பெய்யிங் மனசுக்குள் மாடிகளை எண்ணிப் பார்த்தாள்.

ஃபோஷான் பக்கம் நாலு ஆகாது; உச்சரித்தால் சாவு என்கிற சொல் மாதிரிக் கேட்கும். நாலாம் மாடி வீடு விலை போகாது, அதனால் நாலாம் மாடியே கிடையாது. மூன்றுக்கு மேலே ஐந்து. குடியிருக்கிறவர் என்னவோ அதே உயரத்தில்தான் படுத்துத் தூங்குகிறார், ஆனால் வாசலில் ஐந்து என்று போட்டுவிட்டால் அவருக்கும் நிம்மதி, விற்றவனுக்கும் நிம்மதி. பட்டறையின் கணினியில்கூட நாலு என்று அடிக்க இடம் கிடையாது. பத்தொன்பது வருஷத்தில் பெய்யிங் ஒருநாளும் நாலு என்று ஒரு சீட்டு அச்சடித்ததில்லை. தாஷ்கந்திலிருந்து வந்த அளவுத் தாளில் பென்சிலால் ஒன்றிலிருந்து ஒன்பதுவரை ஒழுங்காக எழுதியிருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து இவள் கை தானாகவே நாலை ஐந்தாக்கி, ஐந்தை ஆறாக்கி, ஒன்பதைப் பத்தாக்கி முடித்தது. கை செய்ததைத் தலை கவனிக்கவேயில்லை. மூச்சு விடுவதை யார் கவனிக்கிறார்கள்?

நாலாம் மாடிக்கென்று செய்த ஜன்னல்களை ஐந்தாம் மாடியில் ஏற்றியிருக்கிறார்கள். ஐந்தினுடையதை ஆறில். அப்படியே ஒன்பதுவரை. ஒன்பதாம் மாடியினுடையதை நாலில். அங்கே ஒவ்வொரு திறப்பும் ஒவ்வொரு அளவு. அதனால்தான் ஒவ்வொன்றையும் தனியாக அளந்து, ஒவ்வொன்றுக்கும் தனியாகச் செய்தார்கள். ஆறு மாடி, எழுபத்திரண்டு ஜன்னல். ஒன்றுகூடத் தன் இடத்தில் இல்லை. பெரிதாக இருந்த ஜன்னலுக்காகத் தூணை உடைத்திருக்கிறார்கள். தாஷ்கந்து நிலம் நடுங்குகிற ஊர்.

அதோடு போகவில்லை. இன்னொன்றும் ஞாபகம் வந்தது. மூன்று மாதத்துக்கு முன் அங்கிருந்து ஒரு செய்தி வந்தது: ஜன்னல்கள் பட்டியல்படிதானா, ஒருமுறை சரிபாருங்கள். இவள் பட்டியலைத் திறந்து பார்த்தாள். சீட்டும் பட்டியலும் அச்சு அசலாக ஒத்துப்போயின. எல்லாம் சரி என்று எழுதி, கட்டைவிரல் படம் ஒன்றும் போட்டு அனுப்பினாள். அவளுக்கு அதற்கு ஐந்து நிமிஷம்கூடப் பிடிக்கவில்லை.

சமையலறையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்று சாக்குச் சொல்லி ஷாவ்காங்கை வெளியே நடைவழிக்கு அழைத்துக்கொண்டு போனாள். பரிமாறுகிறவர்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். சுவரோரமாக நின்று சொன்னாள்.

"அத்தான், அது சீட்டுப் பிழை இல்ல. நாலாம் மாடிய நான் அஞ்சுன்னு எழுதிட்டேன். அங்க நாலு இருக்கு. ஆறு மாடியும் தப்பா மாட்டியிருக்காங்க."

ஷாவ்காங் வியாபாரி. அரை வாக்கியத்திலேயே புரிந்துகொண்டார். அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தபோது, இவருக்கு முன்பே தெரிந்திருக்குமோ என்கிற சந்தேகமும் அவளுக்குப் போய்விட்டது. இது வேறு யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டார். யாருக்கும் தெரியாது, ஓடில்பெக் சீட்டு மாறியதாகத்தான் நினைக்கிறார் என்றாள்.

"அப்போ மொதல்ல முத்திர போடு. அப்புறம் நானே நேர்ல போயி என்னன்னு பாக்கறேன்."

"போயி அறுத்த கம்பிய என்ன பண்ணுவீங்க?"

"நாம அறுக்கலையே, யிங். சம்மட்டி அவங்க கையில இருந்துச்சு. பொருந்தலைன்னா ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாம்ல?"

கேட்டு அனுப்பினார்கள், நான்தான் கட்டைவிரல் படம் போட்டேன் என்று அவள் சொல்லவில்லை. ஷாவ்காங் அக்காளைப் பற்றிச் சொன்னார், கண்ணாடி வெட்டுகிற கிழவரைப் பற்றிச் சொன்னார், ஐம்பத்தோரு வீட்டு உலையைப் பற்றிச் சொன்னார். சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. மனுஷர் கெட்டவரும் இல்லை; பட்டறையில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் கஞ்சிப் பாத்திரத்தைத் தானே தூக்கிக்கொண்டு போகிறவர். சரி என்று தலையாட்டினாள். உண்மையாகவேதான் தலையாட்டினாள். வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் உள்ளே திரும்பினாள்.

ஓடில்பெக் கைகழுவி, ஒப்பந்தத்தின் தன் பக்கத்துக் கையெழுத்துகளைப் போட்டு முடித்திருந்தார். பெய்யிங் முத்திரையை எடுத்தாள். சிவப்பு மைப்பெட்டியைத் திறந்து முத்திரையை அழுத்தினாள். கை சும்மா இருக்க முடியாமலா, வாய் சும்மா இருக்க முடியாமலா, எதனால் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது. அந்தக் கட்டடத்தில் ஆட்கள் குடிவந்துவிட்டார்களா என்று கேட்டாள்.

போன வாரம்தான் வரத் தொடங்கினார்கள் என்றார் ஓடில்பெக். இருபத்தெட்டுக் குடும்பம் வந்தாயிற்று. ஐந்தாம் மாடியில் ஒரு பெண்ணுக்குப் போன வெள்ளிக்கிழமை குழந்தை பிறந்திருக்கிறது, கட்டடத்தின் முதல் குழந்தை, தொட்டில் வாங்கி அனுப்பினேன் என்று சொல்லும்போது அவர் முகம் மலர்ந்தது.

முத்திரை அவள் கையில் அந்தரத்தில் நின்றது. ஷாவ்காங் மெல்ல இருமினார்.

"ஆனா ஒண்ணு" என்றார் ஓடில்பெக், குரலை இறக்கி. "இனிமே அளவெடுக்க உங்க ஆளையே அனுப்புங்க. எங்க பக்கத்து அளவு எனக்கு வேணாம். அளவெடுத்த ஆள நான் வேலைய விட்டு அனுப்பிட்டேன். மூணு தடவ அளந்தேன், மூணு தடவ அளந்தேன்னு ஒரே பிடிவாதம். சீனாவுல மிஷின் வெட்டுது, மிஷின் பொய் சொல்லுமா, உங்க கண்ணுதான் போயிடுச்சுன்னேன். ஆளுங்க எல்லாரும் பாக்க அளவு நாடாவ அவரு கையிலேருந்து புடுங்கிட்டேன்."

"யாரு அவரு?" என்றாள் பெய்யிங்.

ஓடில்பெக் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பி வைத்தார்.

"எங்க அண்ணன்" என்றார்.

பெய்யிங் எழுந்து, முத்திரையைக் கீழே வைத்தாள். எங்கே வைக்கிறோம் என்று பார்க்கவில்லை. கை துடைக்கிற தாளின்மேல் வைத்துவிட்டாள். கம்பெனிப் பெயர் வட்டமாக, பளிச்சென்று, எண்ணெய்க் கறைமேல் பதிந்தது. ஷாவ்காங் "யிங்" என்றார், ஒரே தடவை, தணிந்த குரலில். அவள் அவரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் உட்கார்ந்திருப்பாள்.

"ஓடில் அண்ணே, ஒரு நிமிஷம் என்கூட வெளிய வாங்க."

அவரை லிஃப்ட்டுக்கு அழைத்துக்கொண்டு போனாள். கதவு திறந்ததும் உள்ளே போய், மூடாதபடி ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பொத்தான் வரிசையைக் காட்டினாள். அவர் ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தபடியே பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. பதினைந்து வருஷமாக இந்த ஊர் லிஃப்ட்களில் ஏறி இறங்கிய மனுஷர், ஒருநாளும் பார்த்ததில்லை. போகவேண்டிய பொத்தானைத்தானே எல்லோரும் பார்க்கிறோம்.

"நாலு எங்க?" என்றார்.

"எங்க ஊர்ல நாலு கெடையாது, அண்ணே. ஆகாதுன்னு விட்டுடுவோம். இப்ப நாம நிக்கறது எட்டாவது மாடின்னு போட்டிருக்கு. கீழேருந்து எண்ணினா ஏழுதான்." மேலும் சொன்னாள். "உங்க ஜன்னல் சீட்டையும் நான் அப்படித்தான் எழுதினேன். அஞ்சுன்னு இருந்ததெல்லாம் உங்க நாலாவது மாடி. பத்துன்னு இருந்தது ஒம்பதாவது. நீங்க சரிபாக்கச் சொன்னப்பவும் எல்லாம் சரின்னு பதில் போட்டது நான்தான்."

ஓடில்பெக் பொத்தான்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார். மூன்றிலிருந்து ஐந்துக்குப் போகும்போது விரல் நடுவே ஒரு கணம் நின்றது. லிஃப்ட் கதவு திறந்தே இருக்கிறதென்று கிறீச்சிட ஆரம்பித்தது. கீழே யாரோ பொறுமையில்லாமல் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. கத்துவார், கையை ஓங்குவார், தன் கழுத்தைப் பிடிப்பார் என்று பெய்யிங் எதிர்பார்த்தாள். பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றுகூடத் தோன்றியது. அவரோ சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். அந்தப் பெரிய உடம்பு கண் முன்னாலேயே சுருங்கிவிட்டது.

பிறகு கைபேசியை எடுத்துத் தன் மொழியில் யாரிடமோ பேசினார். அவளுக்கு ஒரு வார்த்தை புரியாது. இருந்தாலும் புரிந்தது. குடிவந்த ஆட்களைக் கீழே இறக்கு, எல்லோரையும் இறக்கு என்கிறார். எதிர்முனை ஏதோ கேட்க, இவர் அடிவயிற்றிலிருந்து ஒரே ஒரு அதட்டல் போட்டார். அந்தக் குழந்தையும் கீழே வரும், தொட்டிலோடு வரும் என்று அவளுக்கு ஓடியது.

உள்ளே வந்தபோது ஷாவ்காங் நின்றுகொண்டிருந்தார். ஓடில்பெக் ஒப்பந்தத் தாள்களை எடுத்து, தான் போட்ட கையெழுத்துகளை ஒருமுறை பார்த்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பதினோரு கட்டடத்தைப் பற்றி இப்போது யாரும் என்னிடம் பேசாதீர்கள் என்றார். முதலில் இந்த ஒன்று நிற்குமா என்று பார்க்க வேண்டும், தூணெல்லாம் பார்க்கத் தெரிந்தவன் வர வேண்டும், அதற்கு எத்தனை மாதமோ என்றார். ஷாவ்காங் செலவு எதுவானாலும் என்று ஆரம்பித்தார். ஓடில்பெக் கையமர்த்திவிட்டார். ஷாவ்காங் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து, ஆறிப்போன நூடுல்ஸ் கிண்ணத்தையே வெறித்தார்.

"தங்கச்சி, உக்காரு" என்றார் ஓடில்பெக். "எங்கண்ணனுக்குப் ஃபோன் போடறேன். நான் சொன்னா அவரு நம்ப மாட்டாரு. சமாதானப்படுத்த பொய் சொல்றேன்னு நெனைப்பாரு. நீ சொல்லு, நான் எங்க மொழில சொல்றேன்."

அண்ணன் பெயர் தொல்கின். அறுபத்துமூன்று வயது. தம்பிக்குச் செங்கல் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். நாடாவைப் பிடுங்கிய நாளிலிருந்து வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை, சாமான்களையெல்லாம் யாரோ ஒரு கொத்தனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார், அண்ணி வந்து அழுதாள் என்று, மணி அடித்துக்கொண்டிருந்தபோதே ஓடில்பெக் அவசர அவசரமாகச் சொன்னார். தாஷ்கந்தில் அப்போது காலை பத்து மணி இருக்கும். நாலைந்து மணி அடித்த பிறகு ஒரு கரகரத்த குரல் எடுத்தது.

பெய்யிங் சொன்னாள். வாக்கியம் வாக்கியமாகச் சொன்னாள். அவள் நிறுத்துகிற இடத்தில் ஓடில்பெக் தன் மொழியில் சொன்னார். தம்பி பேசுகிறபோது குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. முடித்ததும் எதிர்முனையில் அந்தக் கரகரத்த குரல் ஏதோ கேட்டது. கோபமில்லாமல், கடைக்காரனிடம் ஒரு சாமானின் விலை கேட்கிற மாதிரிக் கேட்டது.

"நாலாவது மாடி, படிக்கட்டுப் பக்கம், ஏழாவது ஜன்னல்" என்று ஓடில்பெக் மொழிபெயர்த்தார். "அதோட அகலம் நீங்க என்ன செஞ்சீங்கன்னு கேக்கறாரு. தூண் பிதுங்கி இருந்த எடம் அது. அதுலதான் எனக்கும் அவருக்கும் சண்ட முத்திச்சு."

பெய்யிங் கைபேசியில் பட்டியலைத் திறந்தாள். நாலு என்று தேடக் கூடாது, ஐந்து என்று தேட வேண்டும். பக்கத்திலேயே அவர் பென்சிலால் எழுதி அனுப்பிய தாளின் படமும் இருந்தது. இரண்டையும் பார்த்தாள். ஒரு நூலிழை வித்தியாசம் இல்லை.

"ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டு மில்லிமீட்டர்" என்றாள். "அவரு எழுதினதும் அதுதான். நாங்க செஞ்சதும் அதுதான். அவரு அளவு எதுவுமே தப்பில்ல, அண்ணே. நூத்தியெட்டும் சரி."

ஓடில்பெக் சொன்னார். எதிர்முனையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு அந்தக் கரகரத்த குரல் வாயை ஒதுக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்து ஒரு பெயரைக் கூப்பிட்டது. மறுபடி கூப்பிட்டது. தூரத்திலிருந்து ஒரு பெண் என்னவோ கேட்டபடி வருவது கேட்டது.

ஓடில்பெக் முகத்தை உள்ளங்கையால் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"அண்ணியக் கூப்பிடறாரு" என்றார். "இன்னொரு தடவ சொல்லணுமாம். அவங்க காதுல விழணுமாம்."

மேசைக்கு அந்தப் பக்கம் ஷாவ்காங் தலை நிமிரவில்லை. பெய்யிங் கைபேசியை வாய்க்கு அருகே கொண்டுபோய், அந்த அளவை மறுபடி முதலிலிருந்து, ஒவ்வொரு எண்ணாக, மெதுவாகப் படித்தாள்.